யோபின் வினாக்கள்: ஐயம், விசுவாசம் என்னும் சொற்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் 42 அதிகாரங்களாக அமைந்துள்ள யோபு நூல், நல்லோர் துன்புறுவது ஏன் என்னும் வினாவை எழுப்பிய தொன்மையான நூல்களுள் ஒன்று. தமிழ்க் கிறித்தவச் சூழலில் யோபு வினா எழுப்பியவனாக அறியப்படவில்லை. பொறுமையின் வடிவமாகவே அறியப்படுகின்றான். மறையுரைகளிலும் துக்க வீடுகளில் கூறப்படும் ஆறுதல் மொழிகளிலும் அவன் பெயர் எடுக்கப்படும்போதெல்லாம், இழந்தும் வாய் திறவாத ஒருவனின் தோற்றமே கேட்போர் மனத்தில் எழுகின்றது. பிள்ளையை இழந்த தாய் 'ஏன்' என்று கேட்க வாயெடுக்கையில் அவளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவன் யோபு. அத்தாயினும் உரத்த குரலில் 'ஏன்' என்று கேட்டவன் அவனே என்பதை நூலை முழுதும் படிப்பார் அறிவர்.

நூலின் முதல் இரண்டு அதிகாரங்களும், 42ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியும் உரைநடையாலானவை. யோபின் செல்வம், இழப்பு, மீட்சி ஆகிய கதைக்கூறுகள் இவற்றுள் அடங்கிவிடும். இடைப்பட்ட பகுதி முழுதும் செய்யுள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவரும் பின்னர் எலிகூவும் யோபோடு சொல்லாடுவதும், பெருங்காற்றிலிருந்து இறைவன் மறுமொழி தருவதும் இச்செய்யுட் பகுதியிலேயே உள்ளன. கதையை மட்டும் கொண்டு சொல்லாடலை விட்டுவிடும் வாசிப்பே பொறுமைசாலியான யோபை உருவாக்கியது. செய்யுட் பகுதியில் அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கின்றான். இறைவனை வழக்கிற்கு அழைக்கின்றான். தன் நண்பரைப் பயனற்ற மருத்துவர் என்கின்றான். இவ்வளவிற்குப் பின்னரும், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபே என்றும் நண்பர் அவ்வாறு பேசவில்லை என்றும் இறைவனே தீர்ப்புரைக்கின்றார் (42:7). இறைவனுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்படவும் இறைவனோடு வாதாடியவன் ஏற்கப்படவும் காரணம் யாது? தமிழ் விவிலியத்தின் சொல்வழக்கையும் தமிழிலக்கண மரபு வகுத்த வினா விடைப் பாகுபாட்டையும் துணைக்கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகின்றது.

விசுவாசமும் அதன் எதிர்ச்சொல்லும்

சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி நிறைவெய்தியது. அதன்பின் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு, 1871இல் வெளிவந்த பவர் திருத்தப் பதிப்பு என வளர்ந்த சீர்திருத்தச் சபை மரபில், நம்பிக்கையைக் குறிக்க நிலைபெற்ற சொல் 'விசுவாசம்' என்பது. அதன் எதிர்நிலை 'அவிசுவாசம்'. இவ்விரண்டிற்கும் இடையே ஊசலாடும் நிலைக்குச் 'சந்தேகம்'. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் 'விசுவாசம்' இருந்த இடத்தில் 'நம்பிக்கை'யும், 'சந்தேகம்' இருந்த இடத்தில் 'ஐயம்' என்பதும் வந்தன. இதனை வடசொல் நீக்கி இன்சொல் ஆக்கிய தமிழாக்கம் என்ற அளவில் மட்டும் மதிப்பிடுதல் போதாது. சொல் மாறுகையில் கருத்தின் எல்லையும் மாறுகின்றது.

'விசுவாசம்' வடமொழியில் நம்பிக்கையையே குறிக்கும். தமிழ் வழக்கிலோ அதற்கு மற்றொரு பொருளும் ஏறியுள்ளது. நாய் விசுவாசமுள்ளது என்கின்றோம். முதலாளியிடம் விசுவாசமாக இருந்த வேலையாள் என்கின்றோம். உண்ட சோற்றுக்கு நன்றி, தலைவன்பால் மாறாப் பற்று என்பனவே இவ்விடங்களில் பொருள். விசுவாசமுள்ள வேலையாள் தலைவனைக் கேள்வி கேளான்; கேட்டால் அவன் விசுவாசம் ஐயத்திற்குரியதாகிவிடும். சமயச் சொல்லினுள் இவ்வுலகியற்பொருள் நுழைந்த பின்னர், இறைவனை நோக்கி வினாவுதல் அறிவின் தேடலாகக் கொள்ளப்படாமல் நன்றிக்கேடாகக் கொள்ளப்படுதல் இயல்பே. 'நம்பிக்கை' என்னும் சொல்லுக்கு இத்தகைய சுமை இல்லை. நம்புகின்றவரிடம் கேள்வி கேட்பது தமிழர் வாழ்வில் குற்றமன்று.

இவ்வேறுபாட்டைத் தோமாவின் நிகழ்ச்சியில் தெளிவாகக் காணலாம் (யோவான் 20:27). உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற அச்சீடனிடம் இயேசு கூறும் மொழியில், பழைய மொழிபெயர்ப்பு 'அவிசுவாசி' என்னும் சொல்லை வைக்கின்றது. பொது மொழிபெயர்ப்பு அவனிடமிருந்து அகல வேண்டியதாக 'ஐய'த்தைக் குறிக்கின்றது. கிரேக்க மூலத்தில் உள்ள 'அப்பிஸ்தொஸ்' நேர்ப்பொருளில் நம்பிக்கையற்றவன் எனப்படுவதால் பழைய மொழிபெயர்ப்பே மூலத்திற்கு நெருக்கமானது. புதியது தோமாவின்பால் இரக்கம் காட்டுகின்றது. மொழிபெயர்ப்பாளர் என்ற நிலையில் அது சற்று மிகையே. எனினும் ஐயுறுவோனை நம்பாதோனிலிருந்து பிரித்துக் காணும் ஒரு வழியை அது தமிழில் திறந்துவிட்டது. ஐயத்திற்குப் பெயர்போன இச்சீடனையே தமிழகத்திற்கு வந்த திருத்தூதராகப் பரங்கிமலை, மயிலாப்பூர் மரபுகள் போற்றுகின்றன என்பதும் நினைக்கத்தக்கது.

புதிய ஏற்பாட்டில் ஐயமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று முற்றிலும் விலக்குவன என்று கொள்ளுதல் அரிது. நீரின்மேல் நடக்கையில் அஞ்சி அமிழ்ந்த பேதுருவைக் குறித்து மத்தேயு ஆளும் ஐயுறுதல் என்னும் கிரேக்க வினைச்சொல், புதிய ஏற்பாடு முழுதிலும் இரண்டே இடங்களில் வருகின்றது. மற்றோர் இடம் அந்நற்செய்தியின் இறுதி அதிகாரம் (28:17). உயிர்த்த இயேசுவைக் கண்டு பணிந்த சீடருள் சிலர் ஐயுற்றனர் என்பது அங்குள்ள செய்தி. வணக்கமும் ஐயமும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. நோயுற்ற மகனுக்காக மன்றாடும் தந்தை ஒருவன், தான் நம்புவதாகவும் தன் நம்பிக்கையின்மைக்கு உதவவேண்டும் என்றும் ஒரு மூச்சில் கூறுவதை மாற்கு (9:24) பதிவுசெய்கின்றார்.

பின்வந்த பக்தி இலக்கியத்தில் ஐயத்திற்கு இவ்வளவு இடம் கிட்டவில்லை. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட உருவக நூலில் ஐயம் ஒரு கோட்டை. அதன் தலைவன் மனமுறிவு என்னும் அரக்கன். வாக்குறுதி என்னும் திறவுகோலால் பயணி அங்கிருந்து தப்புகின்றான். அந்நூல் தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என உரைநடையாகப் பரவியது. வைணவ மரபில் தோன்றி 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை அதனைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை அளித்தார். ஐயத்தைக் கோட்டையாகக் காணும் உருவகம் அழகியது. ஆயினும், ஐயம் தப்பிக்கவேண்டிய சிறை என்று பழகிய மனத்திற்கு, அதனைத் தன் உரிமையாகக் கொண்டு பேசும் யோபு விளங்குதல் கடினம்.

அறுவகை வினா

வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுப்பார் நன்னூலார். வினாவின் சொல்வடிவத்தால் அமைந்த பாகுபாடன்று இது. வினவுவோன் உள்ளக்கிடக்கையால் அமைந்தது. ஒரே தொடர் ஆசிரியன் வாயில் அறிவினாவாகவும் மாணவன் வாயில் அறியாவினாவாகவும் நிற்கும். இதனால் யோபு நூலில் வரும் வினாக்களை இவ்வகைமையில் பொருத்தி நோக்குதல் பயன் தருகின்றது.

நண்பர் வினாக்கள் பெரிதும் அறிவினாக்கள். குற்றமற்றவன் எவன் அழிந்தான் என எலிப்பாஸ் கேட்கின்றான் (4:7). விடை அறியும் விருப்பம் அவனுக்கு இல்லை. 'எவனும் அழிந்திலன்' என்னும் விடை அவன் கையில் முன்னரே உள்ளது. அதனை யோபின் வாயால் வருவிப்பதே நோக்கம். பில்தாத் வினவும் முறையும் இத்தகையதே. துன்புறுவோன் முன் அமர்ந்து அவனை மாணவனாக்கிக்கொள்ளுதல் இவர்தம் பிழை. ஏழு நாள் ஏழு இரவு அவனோடு பேசாது தரையில் அமர்ந்திருந்த (2:13) அதே நண்பர்கள் இவர்கள் என்பது வருந்தத்தக்கது. பேசாதிருந்த வரையில் அவர்கள் நல்ல நண்பர்களாக இருந்தனர்.

யோபின் மனைவி வினவுவது ஏவல்வினா. இன்னும் உம் உத்தமத்தில் நிற்கின்றீரோ என்னும் பொருள்பட அவள் கேட்பதன் (2:9) கருத்து, நில்லாதொழிக என்பது. அடுத்த தொடரில் ஏவலே வெளிப்படையாக வந்துவிடுகின்றது. அவளை மூடத்தனத்தின் உருவாக மட்டும் காண்பது நேர்மையன்று. பத்துப் பிள்ளைகளையும் இழந்தவள் அவளுமே. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்த், எபிரேய மூலத்தில் இல்லாத ஒரு நீண்ட புலம்பலை அவள் வாயில் வைத்திருப்பது, அவள் குரல் குறைவாகவே பதிவாகியுள்ளது என்று பழங்காலத்திலேயே சிலர் உணர்ந்ததைக் காட்டும்.

யோபின் வினாக்கள் எவ்வகை? ஒளி ஏன் துயருற்றோனுக்குத் தரப்படுகின்றது, என்னோடு வழக்காடுவது எதனால் என்பன போன்றவை அறியாவினாக்கள். அவன் விடை அறியான்; அறிய விழைகின்றான். ஆயின் அவ்வளவில் அவன் நிற்கவில்லை. வணிகனிடம் சென்று பொன் உளதோ என்பான் பொன்னின் இருப்பை அறிதற்கு மட்டும் வினவுவதில்லை, பெற்றுக்கொள்ளவே வினவுகின்றான். இறைவனிடம் நீதி உளதோ என்னும் யோபின் வினாவும் அத்தகைய கொளல்வினா. நீதி இறைவனிடம் இருக்கவேண்டும் என்னும் துணிபு இல்லாத ஒருவன் இவ்வாறு வினவமாட்டான். பொன் விற்பவனல்லன் என்று அறிந்தவனிடம் சென்று பொன் கேட்பாரில்லை.

ஐயவினா யாண்டுள்ளது? நூலின் முதல் ஐயவினா யோபினுடையதன்று, சாத்தானுடையது. யோபு பயன் கருதாமலா இறைவனுக்கு அஞ்சுகின்றான் என்பது அது (1:9). எபிரேய மூலத்தில் இப்பெயர் சுட்டிடைச்சொல்லுடன் 'ஹஸ்ஸாத்தான்' என வருகின்றது. குற்றஞ்சாட்டுவோன் என்பது பொருள். இறையவையில் குற்றம் சாட்டும் பொறுப்புடையவனாக அவன் நிற்கின்றான். நூல் முழுமைக்கும் வித்தான ஐயம் மனிதனைப் பற்றியதேயன்றி இறைவனைப் பற்றியதன்று. மனிதன் கைம்மாறு கருதாது அன்பு செலுத்த வல்லனோ என்பது ஐயம். நல்லோர் செழிப்பர், தீயோர் அழிவர் என்னும் நண்பரின் கணக்கை யோபு ஏற்றுப் பொய்யாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்றாடியிருப்பானாயின், செல்வத்தை மீட்கும் பொருட்டு இறைவனை வணங்கியவனாகி இருப்பான். சாத்தானின் ஐயம் மெய்யென நிலைபெற்றிருக்கும். நண்பர் கூறிய பக்தியான அறிவுரை சாத்தானின் கருதுகோளுக்கே துணைநின்றது என்பதைச் சொல்லாடலைப் படிப்பார் பெரும்பாலும் நோக்குவதில்லை.

கொடைவினாவிற்கு நூலில் பொருத்தமான இடம் காண்பதரிது. இலக்கணம் ஆறு கூறிற்று என்பதற்காக ஆறையும் வலிந்து பொருத்துதல் திறனாய்வாகாது.

எனினும் யோபிடம் ஐயமே இல்லை என்றுரைத்தலும் மற்றொரு வலிந்த வாசிப்பே ஆகும். குற்றியோ மகனோ என இருபொருட்கண் உள்ளம் ஊசலாடுவதையே இலக்கண உரையாசிரியர் ஐயத்திற்கு எடுத்துக்காட்டுவர். யோபு அத்தகைய ஊசலில் நிற்கின்றான். குற்றமற்றவனையும் தீயவனையும் ஒருசேர அழிப்பவர் இறைவன் என்றும், அவரல்லராயின் வேறு யார் என்றும் அவன் கேட்கும் இடம் (9:22-24) விவிலியத்தின் மிகக் கடுமையான இடங்களுள் ஒன்று. தன்னைப் பகைவனாக ஏன் எண்ணுகின்றீர் என அவன் இறைவனைக் கேட்குமிடத்தில் (13:24), யோபு என்னும் அவன் பெயரின் எபிரேய ஒலியும் பகைவன் என்னும் சொல்லின் ஒலியும் நெருங்கி ஒலிக்கின்றன. அதே யோபு தனக்கான சாட்சி விண்ணில் உள்ளது என்றும் (16:19), தன் மீட்பர் உயிரோடிருக்கின்றார் என்றும் (19:25) கூறுகின்றான். இறைவன் பகைவரோ மீட்பரோ என்பது அவன் ஐயம். இறைவன் உளரோ இலரோ என்பது ஒருபோதும் அவன் வினாவாகவில்லை. அதுவே அவன் துன்பத்தை மிகுவிக்கின்றது. இலர் எனத் துணிந்தவனுக்குக் கேட்பதற்கு ஆளும் இல்லை, கேள்வியும் இல்லை.

வழக்கும் தோழமையும்

யோபின் பேச்சு புலம்பலாகத் தொடங்கி வழக்குரையாக வளர்கின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை நன்கு உணர்ந்து, 'வழக்காடுதல்', 'நியாயம்', 'மத்தியஸ்தன்' முதலிய சொற்களை ஆண்டுள்ளது. 13:15இல் தன் வழிகளை இறைவன் முன் மெய்ப்பிப்பேன் என்னும் இடத்தில் வரும் 'ரூபகாரம்' என்பது அக்கால நீதிமன்ற வழக்கிற்குரிய சொல். இன்றைய வாசகருக்கு விளங்காத இச்சொல்லே, அம்மொழிபெயர்ப்பாளர் யோபைப் பக்தனாக மட்டுமன்றி வழக்காளியாகவும் கண்டனர் என்பதற்குச் சான்று. இதே வசனத்தின் முற்பகுதியில் எபிரேய ஏடுகளின் எழுத்து வடிவமும் ஓதும் வடிவமும் வேறுபடுகின்றன. ஒன்றன்படி, கொல்லப்படினும் அவரை நம்பியிருப்பதாக யோபு கூறுகின்றான். மற்றொன்றன்படி, தனக்கு நம்பிக்கை இல்லை என்கின்றான். ஒலியளவில் ஒன்றேயான சிறு சொல் எழுத்தால் மாறுபட்டமையே இதற்குக் காரணம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு முதற்பொருளைக் கொண்டது. இரு பொருளும் ஒரு வரியில் உறைதல் யோபின் நிலைக்கு எவ்வளவு பொருந்துகின்றது என்பது வியப்பளிக்கின்றது.

வழக்காளியை நோக்குங்கால் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவிற்கு வருபவள் கண்ணகி. வழக்குரை காதையில் அவள் கேட்கும் நீதி சான்றால் தீர்கின்றது. சிலம்பு உடைகின்றது, உள்ளிருந்த பரல் பேசுகின்றது, அரசன் தன் பிழையை ஒப்பி உயிர் துறக்கின்றான். யோபிற்கு உடைத்துக் காட்டச் சிலம்பு இல்லை. குற்றஞ்சாட்டப்பெற்றவரே நடுவராகவும் இருக்கும் வழக்கில் இருவர்மீதும் கைவைக்கத்தக்க மத்தியஸ்தன் இல்லையே என்பதே அவன் ஏக்கம் (9:33).

யோபை அரிச்சந்திரனோடு ஒப்பிட்டுரைப்பது நெடுநாள் வழக்கு. இந்திரன் அவையில் வசிட்டரும் விசுவாமித்திரரும் கொண்ட மாறுபாட்டினால் அரிச்சந்திரன் சோதிக்கப்படுவதும், இறையவையில் எழுந்த ஐயத்தால் யோபு சோதிக்கப்படுவதும், இருவரும் இழந்தவற்றை மீளப் பெறுதலும் கதையளவில் ஒத்தனவே. ஆயின் அரிச்சந்திரன் வாய்மையைக் காக்கின்றான். ஏன் என்று வினவுவதை அறமாகக் கொள்ளவில்லை. இவ்வொப்புமை வலுப்பெற வலுப்பெற யோபின் செய்யுட் பகுதி மறைகின்றது. யோபிற்குத் தமிழில் நெருங்கிய துணையைக் காப்பியத்தில் தேடுவதினும் பக்தி இலக்கியத்தில் தேடுதல் பொருந்தும்.

சுந்தரர் வரலாறு வழக்கிலேயே தொடங்குகின்றது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் ஓலை காட்டி அடிமை என வழக்குத் தொடுப்பவர் இறைவன், எதிர்வாதி மனிதர். அவ்வழக்கின்போது சுந்தரர் வசையாகச் சொன்ன 'பித்தன்' என்னும் சொல்லே அவர்தம் முதற் பதிகத்தின் தொடக்கமாக இறைவனாலேயே ஏற்கப்பட்டது என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பின்னர்க் கண்ணிழந்த நிலையில் திருவாரூரில் அவர் பாடிய பதிகம் இறைவனை நேர்நின்று இடித்துரைக்கின்றது. அடிமையும் தோழமையும் ஒருங்கே பெற்றமையால் 'தம்பிரான் தோழர்' எனப்பெற்ற அவரை, அவ்விடித்துரைக்காக எவரும் பக்தியில் குறைந்தவர் என்றதில்லை. யோபும் 'தாசன்' என இறைவனாலேயே குறிக்கப்படுபவன். தாசனாக இருந்தே வழக்காடினான். வேறுபாடும் உண்டு. சங்கிலியாருக்குச் செய்த சூளுறவைப் பிழைத்தமையால் கண்ணிழந்தார் சுந்தரர். துன்பத்தின் காரணம் அவருக்குத் தெரியும். யோபிற்குக் காரணம் தெரியாது. முதல் அதிகாரத்தைப் படித்த வாசகர் அறிந்ததை நூல் முடியும் வரையிலும் அவன் அறிவதில்லை.

வினாவும் செப்பாதல்

பெருங்காற்றிலிருந்து வரும் இறைமொழி (38-41) யோபின் ஒரு வினாவிற்கும் நேர்விடை தரவில்லை. மண்ணுலகின் அடிக்கல்லை நாட்டுகையில் நீ எங்கிருந்தாய் என்பது முதலாக, கடல், பனி, விண்மீன், காட்டுக்கழுதை, தீக்கோழி, பிகெமோத், லிவியாதான் எனப் படர்ந்து செல்லும் வினாக்களே அங்குள்ளன. கேள்வி கேட்டவனை அடக்குதற்கு எழுந்த அதட்டல் இது எனக் கொள்வாரும், விடை கூற இயலாமையை மறைக்கும் உத்தி எனக் கொள்வாரும் உண்டு. தமிழிலக்கணம் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டுகின்றது. வினாவிற்கு எதிராக வரும் வினாவும் செப்பே எனத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் வரையறுக்கின்றது. உண்பாயா என்பதற்கு உண்ணேனோ என்பது விடையாதல் போல. நன்னூலாரும் வினாதலை விடைவகை எட்டனுள் ஒன்றாக்கி, சுட்டு, மறை, நேர் என்னும் முதல் மூன்று ஒழிந்த ஏனைய ஐந்தனோடும் சேர்த்து, நேரே விடையாகாது விடைப்பொருளைப் பயப்பதாக அமைப்பர். விடைக்கு அவ்விலக்கணத்தில் 'இறை' என்று பெயர். இறைவனையும் குறிக்கும் சொல்லாதலின் இவ்விடத்தில் பொருள் ஏற்றிச் சொல்லத் தோன்றும். எனினும் சொல்லொற்றுமையைச் சான்றாக்குதல் ஆய்வாகாது.

இறைவினாக்கள் பயக்கும் பொருள் யாது? மனிதர் எவரும் வாழாத பாழ்நிலத்தில் மழை பெய்வித்துப் புல் முளைப்பிப்பது பற்றிய வினா (38:26-27) அதற்குத் திறவாகலாம். அம்மழை எவருடைய நல்வினைக்கும் கைம்மாறன்று. நற்செயலுக்குச் செல்வம், தீச்செயலுக்குத் துன்பம் என்ற கணக்கை வைத்தே நண்பர் யோபைக் குற்றவாளியாக்கினர். அதே கணக்கை வைத்தே யோபு இறைவனைக் குற்றவாளியாக்கினான். உலகம் அக்கணக்கின்படி இயங்கவில்லை என்பது இறைமொழியின் கருத்தாயின், யோபின் துன்பம் தண்டனை அன்று என்பது மறைமுகமாக ஒப்புக்கொள்ளப்படுகின்றது. அவன் வேண்டியது அவ்வளவே என்று சொல்லிவிட இயலாது. ஏன் என்பதற்குரிய விடை இங்கும் இல்லை. இறைவனைக் குறித்துத் தான் கேள்விப்பட்டதே முன்னர் உண்டு, இப்போது கண்டேன் என்னும் கருத்தில் யோபு கூறுவதால் (42:5), விடைக்கு மாறாக விடையளிப்பவரைப் பெற்றான் எனலாம். அது போதுமானதா என்பதில் வாசகர் கருத்து வேறுபடுதல் இயல்பு. நூலும் அவ்வேறுபாட்டிற்கு இடம் தருகின்றது.

இவ்விடத்தில் இரு சொற்கள் தமிழ் வாசகரைத் திசைதிருப்பியுள்ளன. முதலாவது 42:6இல் உள்ளது. யோபு தன்னையே அருவருத்து வருந்துவதாகப் பழைய மொழிபெயர்ப்பு கூறும். எபிரேயத்தில் வெறுத்தல் அல்லது மறுத்தல் என்னும் வினைக்குச் செயப்படுபொருள் இல்லை. 'என்னை' என்பது மொழிபெயர்ப்பாளர் வருவித்தது. வருந்துதல் எனப்பட்ட 'நாஹம்' என்னும் வினை ஆறுதலடைதலையும் குறிக்கும். நண்பர் ஆறுதல் கூற வந்தனர் என்னுமிடத்தும் (2:11) அவ்வேர்ச்சொல்லே வந்துள்ளது. தூளிலும் சாம்பலிலும் அமர்ந்தவன் தன்னை வெறுத்தானோ, தன் வழக்கைக் கைவிட்டு ஆறுதலடைந்தானோ என்பது மூலத்தில் முடிவுசெய்யப்படாதது, மொழிபெயர்ப்பில் முடிவுசெய்யப்பட்டுவிட்டது.

இரண்டாவது சொல் 'நிதானம்'. நண்பர் யோபைப் போல நிதானமாய்ப் பேசவில்லை என்னும் பொருளில் பழைய மொழிபெயர்ப்பு இறைத்தீர்ப்பைத் தருகின்றது. எபிரேயச் சொல் 'நெகோனா' உறுதியானது, மெய்யானது என்னும் பொருளுடையது. அதற்கு நேராக இட்ட 'நிதானம்' என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் துணிபு, உள்ளபடி அறிதல் என்னும் பொருள்கள் உண்டு. இன்றைய பேச்சில் நிதானம் என்பது பதற்றமின்மை, பொறுமை. ஆகவே கோபத்தோடும் கண்ணீரோடும் மெய் பேசியவன் என்று பாராட்டப்பெற்ற யோபு, பொறுமையாகப் பேசியவன் என்று பாராட்டப்பெற்றவனாக இன்றைய செவியில் ஒலிக்கின்றான். யாக்கோபின் நிருபத்தில் (5:11) வரும் 'பொறுமை'யும் இவ்வகையில் சேரும். அங்குள்ள கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் கீழே நிலைத்து நிற்றல் என்பது; சுமையின்கீழ் இடம்பெயராது நிற்பதற்கும் வாய் திறவாதிருத்தற்கும் இடையே வேற்றுமை பெரிது. அந்நிருபத்தில் அதற்கு முன்னுள்ள வசனங்களில் பொறுத்தலுக்கு வேறொரு கிரேக்கச் சொல் ஆளப்பட்டிருத்தலும் இதனை வலியுறுத்தும்.

வழிபாட்டு மரபும் தேர்ந்தெடுத்தே யோபைக் கையாண்டுள்ளது. ஆங்கிலிக்கச் சபையின் 1662ஆம் ஆண்டு வழிபாட்டு நூல் அடக்க ஒழுங்கில் யோபு நூலின் 1, 14, 19ஆம் அதிகாரங்களிலிருந்து வரிகளை எடுத்தாள்கின்றது. தந்தவரும் எடுத்தவரும் இறைவனே என்பதும், பெண்ணிடம் பிறந்தவன் வாழ்நாள் குறுகியது என்பதும், மீட்பர் உயிரோடுள்ளார் என்பதும் அங்குண்டு. பிறந்த நாளைச் சபிக்கும் மூன்றாம் அதிகாரம் இல்லை. ஆயினும் பெரிய வெள்ளியன்று தியானிக்கப்பெறும் சிலுவை மொழிகள் ஏழனுள் ஒன்று, 22ஆம் சங்கீதத்தின் முதலடியாகிய 'ஏன்' என்னும் வினா. ஏழனுள் வினாவாக அமைந்தது அது ஒன்றே. அதன் செமித்திய ஒலிவடிவையும் நற்செய்தியாளர் விடாது காத்துள்ளனர்.

நூலின் இறுதியில் யோபின் உடைமை இரட்டிப்பாகின்றது. 7,000 ஆடு 14,000 ஆகின்றது. 3,000 ஒட்டகம் 6,000 ஆகின்றது. பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஆண்மக்கள் எழுவர், பெண்மக்கள் மூவர். ஆட்டிற்கு ஈடாக ஆடு வைக்கலாம் எனவும் பிள்ளைக்கு ஈடு இல்லை எனவும் அவ்வெண்களே சொல்லிவிடுகின்றன. சாத்தான் அங்கு மீண்டும் தோன்றுவதில்லை. இறையவையில் நடந்தது பற்றி யோபிடம் எவரும் கூறுவதுமில்லை. அவனை முன்பு அறிந்திருந்தோரும் உடன்பிறந்தோரும் வருகின்றனர். அவன் வீட்டில் உணவருந்துகின்றனர். ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன்வளையமும் கொடுக்கின்றனர். இறைவன் அவன்மீது வரச்செய்த தீங்கு அனைத்தையும் குறித்து அவர்கள் அவனுக்கு ஆறுதல் கூறினர் என்பது கதையாசிரியர் கூற்று (42:11). தீங்கை வரச்செய்தவர் இறைவனே என்பதைக் கதையாசிரியர் அவ்விடத்தில் மறைக்கவில்லை. வந்தவருள் ஒருவரேனும் அதற்குக் காரணம் சொல்லியதாகவும் எழுதவில்லை.